புதுக்கடையா, லண்டனா?

கேள்வி: சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பயிற்சிக் காலத்திலேயே இங்கிலாந்தின் ஸ்கில்ட் வொர்க்கர் வீசா எடுக்கலாமா?
- வாசகி, உக்குவளை, மாத்தளை

பதில்: எடுக்கலாம் தங்கச்சி, ஆனால் கல்யாணப் பொருத்தம் மாதிரி எல்லாம் ஒருசேர அமைய வேண்டும். உள்துறை அமைச்சின் ஸ்பொன்சர் உரிமம் உள்ள சட்ட நிறுவனம் ஒன்று உங்களைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டும். 2025 ஜூலையில் சம்பள வரம்பு 41,700 பவுண்டாக ஏறியது. தொழில்முறைத் தகுதிக்காகப் பயில்வோருக்கு அது 33,400; அந்த வேலைக்குரிய சம்பள விகிதத்தில் 70 வீதம் அதைவிடக் கூடினால், அதுதான் கணக்கு.

சொலிசிட்டராக, 2021இல் வந்த எஸ்.கியூ.இ. பரீட்சையும் இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். அனுபவத்தை இலங்கையிலும் பெறலாம். ஆனால் மாத்தளை நீதிமன்றத்தில் சீனியர் பின்னால் கோப்புக்கட்டோடு ஓடிய நாட்களை அவர் கையெழுத்து மட்டும் காப்பாற்றாது. உறுதிப்படுத்துபவர் இங்கிலாந்தில் பதிவான சொலிசிட்டராக இருப்பது அவசியம்.

என்னைக் கேட்டால், முதலில் இங்கேயே, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில், சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யுங்கள். தகுதிபெற்ற சட்டத்தரணிக்கு அந்த இரண்டு வருட நிபந்தனையே இல்லை. பரீட்சைதான் மிச்சம். முதல் கட்டத்தில் 360 பல்தேர்வுக் கேள்விகள்; இரண்டாம் கட்ட வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் அங்கே போயே ஆக வேண்டும்.

வேலை தரும் நிறுவனம் வழங்க வேண்டிய ஸ்பொன்சர் சான்றிதழை விலைக்குத் தருவதாக எந்த முகவராவது சொன்னால், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசே இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது.