குடியை விட்ட பிறகும் ஏன் இந்தக் கோபம்?

கேள்வி: என் கணவர் குடியை நிறுத்தி மூன்று மாதமாகிறது. ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தால்கூடத் தட்டைத் தள்ளிவிடுகிறார். ராத்திரி தூக்கமே இல்லை. "குடிச்சப்பவே தேவலாம்" என்கிறார் மாமியார். சாப்பாட்டில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: அவருக்குத் தெரியாமல் எதையும் கலந்துவிடாதீர்கள், அம்மா. அப்படிக் கலப்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது ஒரு வாய் குடித்தாலும் வாந்தி, படபடப்பு வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கோபத்துக்கு அது மருந்தும் அல்ல.

இந்தக் கோபம் மூளையிலிருந்து வருகிறது. மது மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் குடிக்கும்போது, அதை ஈடுகட்ட மூளை தன் பதற்றத்தைக் கூட்டிக்கொள்கிறது. குடியை நிறுத்தியதும் மது போய்விடுகிறது, பதற்றம் தங்கிவிடுகிறது. கை நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும்; எரிச்சலும் தூக்கமின்மையும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். அச்சத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா பகுதி உச்சத்தில் இருக்க, அதை அடக்க வேண்டிய முன்மூளை பலவீனமாக இருக்கிறது. போதைக்கு அடிமையானவர்களை ஸ்கேன் செய்து ஆராய்ந்த நோரா வோல்கவ், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகள் அவர்களிடம் குறைந்திருப்பதைக் கண்டார். அதனால் பிள்ளையின் சிரிப்புகூட உங்கள் கணவருக்கு இப்போது உறைக்காமல் போகலாம். நாள்பட்ட குடிநோயாளி சுகத்துக்காக அல்ல, இந்தத் தவிப்பிலிருந்து தப்பிக்கவே குடிக்கிறார் என்கிறார் ஆய்வாளர் ஜார்ஜ் கூப். என் அனுபவமும் அதுதான். அதனால் கோபத்தையும் வைத்தியத்தின் பகுதியாகவே பாருங்கள்.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிக்கும் வேட்கையைக் குறைக்கும். யாருக்கு எது பொருந்தும் என்பதை ஈரலைப் பரிசோதித்து மருத்துவர் முடிவு செய்வார். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்ப்பார். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், அதுவே அடுத்த அடிமைத்தனமாகிவிடும். வழக்கமாகக் குடிக்கும் அந்தச் சாயங்கால நேரத்தில் வயிறு காயவிடாதீர்கள். பணப் பேச்சையும் அப்போது எடுக்காதீர்கள். "எனக்கு இப்ப கோபம் வருது" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். உணர்ச்சிக்குப் பெயர் சொன்னாலே அமிக்டலாவின் வேகம் தணிவதை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன.

ஆனால் அவர் கை ஓங்கினால் பொறுத்துப் போகாதீர்கள். மூளையைக் காரணம் காட்டி அடியை நியாயப்படுத்த முடியாது. பெண்கள் உதவி எண் 181. உங்கள் மனம் தளரும்போது பேச, டெலி மனஸ் 14416.