சின்னமுத்துத் தடுப்பூசிக்குப் பின் குழந்தையைப் பராமரித்தல்

ஜேர்மனியில் சின்னமுத்துப் பாதுகாப்புச் சட்டம் 2020 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பராமரிப்பு நிலையத்திற்குச் செல்லும் குழந்தைக்கு ஒரு வயதில் ஒரு தடுப்பூசியும் இரண்டு வயதில் இரு தடுப்பூசிகளும் ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். அல்லது நோயெதிர்ப்பு உள்ளதென்றோ ஊசி ஏற்ற இயலாதென்றோ மருத்துவச் சான்று தேவை. கார்ல்ஸ்ரூஹேயில் அமைந்துள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 ஜூலை 21 அன்று இவ்விதி செல்லுபடியாகும் எனத் தீர்மானித்தது. முதல் ஊசி 11ஆம் மாதத்திலும் இரண்டாவது 15ஆம் மாதத்திலும் பரிந்துரைக்கப்படுகின்றன.

வழமையான விளைவுகள்

ஊசி ஏற்றிய இடம் முதல் மூன்று நாட்களுள் சிவக்கலாம், வீங்கலாம், வலிக்கலாம். இத்தடுப்பூசியில் வலுவிழந்த உயிருள்ள கிருமிகள் இருப்பதால், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் மெல்லிய செந்தடிப்பும் தோன்றக்கூடும். ஊசி ஏற்றிய நாளைப் பெற்றோர் மறந்திருக்கும் வேளையில் இவை வருவதால், புதிய நோய் என அஞ்சுவோர் உளர். இச்செந்தடிப்பு பிறருக்குத் தொற்றாது. சில நாட்களில் தானாகவே மறையும்.

வீட்டுப் பராமரிப்பு

வீங்கிய இடத்தில் ஈரத்துணியை வைக்கலாம், தேய்த்தல் ஆகாது. குழந்தைக்கு மெல்லிய உடை அணிவித்து, அடிக்கடி நீராகாரம் கொடுக்க வேண்டும். பரசிற்றமோலின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அதனை மருத்துவரிடமோ மருந்தகத்திலோ கேட்டறிதல் வேண்டும். அஸ்பிரின் கொடுக்கலாகாது.

உதவி கோர வேண்டிய தருணங்கள்

காய்ச்சல் தணியாவிட்டால், அல்லது குழந்தை நீர் அருந்த மறுத்தால், குழந்தை மருத்துவரை அணுக வேண்டும். மருத்துவமனை நேரம் கடந்திருப்பின் 116117 என்ற இலக்கத்தை அழைக்கலாம். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம், வலிப்பு ஆகியவற்றுக்கு உடனே 112 ஐ அழைத்தல் வேண்டும். வலிப்பு நின்றதும் குழந்தையைப் பக்கவாட்டில் கிடத்த வேண்டும். வாயில் எதனையும் இடலாகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

வழமையான அளவைக் கடந்த பாதிப்பு எனச் சந்தேகம் எழுந்தால், தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி மருத்துவர் அதனைச் சுகாதாரப் பணிமனைக்கு அறிவித்தல் கடமையாகும். லாங்கன் நகரிலுள்ள பவுல் ஏர்லிஹ் நிறுவனத்திற்குப் பெற்றோரும் நேரடியாக அறிவிக்கலாம். அரசு பரிந்துரைத்த தடுப்பூசியால் நிலையான பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு கோரும் உரிமையும் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் இது சமூகச் சட்டக்கோவையின் 14ஆம் நூலில் இடம்பெறுகிறது.

ஆகவே, ஊசி ஏற்றிய நாள், காய்ச்சலின் அளவு, கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதி, மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்துடன் பேணுதல் நன்று. மருத்துவரிடம் மொழி தடுமாறும் வேளையில் அக்குறிப்பே குழந்தையின் நிலையைத் தெளிவாக எடுத்துரைக்கும்.