தொகுத்தோரும் திரையிட்டோரும்: திரைப்படக் கழகங்களின் பருவ நிரல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வணிகத் திரையரங்குகளுக்கு வராத அயல்நாட்டுப் படங்களையும் தனிமுயற்சிப் படங்களையும் உறுப்பினர்களுக்குத் தொடர்ந்து காட்டுவது திரைப்படக் கழகங்களின் பணியாகும். அக்கழகங்கள் எப்படங்களைக் காட்டின என்பது பலமுறை பேசப்பட்டுள்ளது. எவ்வரிசையில், யாருக்கு, எத்தகைய சட்ட ஏற்பாட்டின்கீழ்க் காட்டின என்பது அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. இலண்டன், நியூயார்க், கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களின் கழகங்களை முன்வைத்து, பருவ நிரலை ஒரு தொகையாகக் கருதி வாசிக்க இயலுமா என இக்கட்டுரை ஆராய்கிறது. சங்கத் தொகைகளைப் பயில்வதில் தமிழாய்வு கைக்கொண்டுள்ள கருத்துகள் இதற்குக் கருவியாகின்றன.

திறவுச்சொற்கள்: திரைப்படக் கழகம், பருவ நிரல், தொகை, அடுக்குமுறை, தணிக்கை விலக்கு, உறுப்பினர் உரிமை.

1. முன்னுரை

தமிழில் திரைப்பட ஆய்வு பெரும்பாலும் படத்தையும், அதன் ஆக்குநரையும், அதில் தோன்றும் நடிகரையும் பொருளாகக் கொண்டு நடைபெற்று வருகிறது. திரையிடல் என்னும் செயல் தனியாக ஆராயப்படுவது அரிது. ஒரு படம் பார்வையாளரை அடையும்போது தனித்து வருவதில்லை. முன்னர்க் காட்டப்பட்டதும் பின்னர்க் காட்டப்படுவதும் அப்படத்தின் பொருளை ஓரளவு வரையறுக்கின்றன. திரைப்படக் கழகங்களின் பருவ நிரல்களில் இது தெளிவாகப் புலப்படும்.

இவ்வுண்மை தமிழ் ஆய்வாளருக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைக் கூறுமிடத்துத் தொகுத்தலை முதலில் வைக்கிறது. எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றிற்குப் பாடினோர் பெயரேயன்றித் தொகுத்தோர் பெயரும் தொகுப்பித்தோர் பெயரும் மரபுவழிக் கிடைக்கின்றன. பாடுதல், தொகுத்தல், தொகுப்பித்தல் என்னும் மூன்றையும் தனித்தனிச் செயல்களாகப் பகுத்துணர்ந்த மரபு இது. திரைப்பட வரலாற்றிலும் இம்மூன்றையும் பகுத்துப் பார்ப்பது பயனுடையது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. இருவகை அடுக்குமுறை

தொகைநூல்களில் இருவேறு அடுக்குமுறைகள் உள்ளன. ஐங்குறுநூறு ஒத்தவற்றை ஓரிடத்தில் சேர்க்கிறது. திணைக்கு நூறு, நூற்றுக்கு ஒரு புலவர் என்பது அதன் அமைப்பு. அகநானூறோ வேறுபட்டவற்றை அடுத்தடுத்து நிறுத்துகிறது. அதில் ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் யாவும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி; 4 என முடிவன முல்லை; 6 என முடிவன மருதம்; 10 என முடிவன நெய்தல். நூலை வரிசையாகப் பயில்வோர் வேறெத்திணையை எய்தினும் அடுத்த பாடலில் பாலைக்கே மீள்வர். பிரிவு நூல் முழுவதும் ஊடுருவி நிற்கும் இவ்வுணர்வு தனிப்பாடல் எதிலும் இல்லை. அதனை விளைப்பது அடுக்குமுறையே.

திரைப்படக் கழகங்களின் நிரல்களையும் இவ்விரு வகையில் அடக்கலாம். ஒரு நாட்டின் படங்கள், ஓர் இயக்குநரின் படங்கள் எனத் திரட்டிக் காட்டுவது முதல் வகை. காலத்தாலும் நாட்டாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட படங்களை ஒரே அமர்வில் அடுக்குவது இரண்டாம் வகை. முதல் வகை பார்வையாளருக்கு ஒரு மரபை அறிமுகப்படுத்தும். இரண்டாம் வகை ஒப்பீட்டை அவரிடமே ஒப்படைக்கும்.

3. இலண்டன்: வரிசையின் பொருள்

இலண்டன் திரைப்படக் கழகம் 1925இல் தொடங்கப்பெற்றது. ஐவர் மாண்டேகு, நடிகர் ஹியூ மில்லர், திறனாய்வாளர் ஐரிஸ் பேரி, இயக்குநர் ஏட்ரியன் புரூனெல், திரையரங்க உரிமையாளர் சிட்னி பெர்ன்ஸ்டைன் முதலியோர் அதன் தொடக்ககால முன்னோடிகள். பெர்னார்ட் ஷா, எச்.ஜி. வெல்ஸ், பொருளியலறிஞர் கீன்ஸ் ஆகியோரும் அதற்குத் துணைநின்றனர். பருவந்தோறும் ஞாயிற்றுக்கிழமைகளில் திரையரங்கை அமர்த்தி நடத்தப்பெற்ற இத்திரையிடல்கள் 1939 வரை தொடர்ந்தன.

முதல் திரையிடல் 1925 அக்டோபர் 25 அன்று ரீஜென்ட் தெருவிலிருந்த நியூ கேலரி அரங்கில் நடந்தது. அன்றைய நிரலில் ஐந்து உறுப்புகள் இருந்தன: வால்டர் ருட்மனின் அருவப் படங்களான 'ஓபஸ்' 2, 3, 4, பிராங்கோ பில்லி தோன்றும் 1912ஆம் ஆண்டின் அமெரிக்கக் குறும்படம், செய்திப்படங்களை எள்ளி நகையாடும் புரூனெலின் சிறுபடம், பால் லெனி இயக்கிய ஜெர்மானியப் படமான 'மெழுகுச் சிலைகள்', சாப்ளின் குத்துச்சண்டை வீரராக வரும் 1915ஆம் ஆண்டு நகைச்சுவைப் படம்.

இவ்வைந்தில் சாப்ளின் படமும் பிராங்கோ பில்லி படமும் அரிய படங்கள் அல்ல. பொதுமக்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டு மகிழ்ந்தவை. அவற்றைக் கழகம் காட்டியதன் காரணத்தை அடுக்குமுறையிலேயே தேட வேண்டும். கோடும் வடிவமும் அசைவதைத் தவிர வேறு கதை இல்லாத ருட்மனின் படங்களைக் கண்ட கண்களுக்குச் சாப்ளினின் உடலசைவும் ஒரு தாளமாகத் தோன்ற இடமுண்டு. பதின்மூன்றாண்டு பழைமையான குறும்படம் புதிய ஜெர்மானியப் படத்துடன் ஒரே அமர்வில் இடம்பெறும்போது, திரைப்படத்திற்கும் ஒரு வரலாறு உண்டு என்னும் எண்ணம் பிறக்கிறது. நிறுவன அடிப்படையிலான திரைப்படக் காப்பகங்கள் தோன்றாத காலத்தில் இவ்வெண்ணம் எளிதில் கிடைக்கக்கூடியதன்று. ஐரிஸ் பேரி பின்னாளில் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் திரைப்படத் தொகுப்பை உருவாக்கியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1929 நவம்பர் 10ஆம் நாள் நிரல் மற்றொரு சான்று. அன்று ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' காட்டப்பட்டது. பிரித்தானியத் தணிக்கை வாரியம் 1926இல் சான்று வழங்க மறுத்த படம் அது. அதே அமர்வில் ஜான் கிரியர்சனின் 'டிரிஃப்டர்ஸ்' முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. வட கடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்போரின் உழைப்பைக் காட்டும் படம் அது. கிரியர்சன் முன்னரே 'பொட்டெம்கின்' படத்தின் அமெரிக்கப் பதிப்பிற்கான பணியில் பங்குகொண்டு அதன் வெட்டிணைப்பைக் கற்றவர். ஆசிரியரின் படமும் கற்றவரின் படமும் ஓரமர்வில் அடுத்தடுத்து நின்றன. பிரித்தானிய ஆவணப்பட இயக்கத்தின் தோற்றத்தை அந்த நாளோடு இணைத்துப் பேசுவது வழக்கம். 'டிரிஃப்டர்ஸ்' தனித்துக் காட்டப்பட்டிருந்தால் மீன்பிடித் தொழில் குறித்த அரசு விளம்பரப் படமாக மட்டும் அது கொள்ளப்பட்டிருக்கக்கூடும். அதனை உலகத் திரைக்கலையின் வரிசையில் நிறுத்தியதில் நிரலுக்கும் பங்குண்டு.

4. வாயிலும் மதிலும்

தணிக்கையில் மறுக்கப்பட்ட படத்தைக் கழகம் காட்ட முடிந்ததற்கு அதன் அமைப்பே காரணம். பிரித்தானியாவில் 1909ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் அரங்குகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்தது. எளிதில் தீப்பற்றும் படச்சுருள்களால் நேரும் விபத்துகளைத் தடுப்பது அதன் வெளிப்படையான நோக்கம். நாளடைவில் அதே அதிகாரம் படத்தின் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தவும் பயன்பட்டது. உறுப்பினர்க்கு மட்டுமேயான தனித் திரையிடல் என்பதால் இலண்டன் நகராட்சி மன்றம் கழகத்திற்கு இசைவளித்தது.

இவ்விசைவு எல்லோர்க்கும் கிட்டவில்லை. புடோவ்கினின் 'தாய்' படத்தைக் கழகம் 1928இல் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியது. தொழிலாளர்களை நோக்கி இயங்கிய அமைப்பு ஒன்று அதே படத்தை 1930இல் காட்ட முனைந்தபோது நகராட்சி மன்றம் இசைய மறுத்தது. படம் ஒன்றே, மாறியது அவையினர் மட்டுமே. அறிஞரும் கலைஞரும் செல்வரும் பார்க்கத் தக்கது உழைப்பாளர் பார்க்கத் தகாததாயிற்று. கழகத்தின் முன்னோடியான மாண்டேகு 1929இலேயே திரைப்படங்களின் அரசியல் தணிக்கையைக் கண்டித்துச் சிறுநூல் எழுதியவர் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும். கழகத்தின் உரிமை ஒரு சலுகையாகவும் இருந்தமை அதன் உள்ளிருந்தோருக்கும் தெரிந்தேயிருந்தது.

தொகைநூல் மரபில் தொகுப்பித்தோர் அரசர். திரைப்படக் கழகத்தில் சந்தா செலுத்தும் உறுப்பினரே கூட்டாகத் தொகுப்பித்தோர் ஆகின்றனர். இது புரவலர் முறையிலிருந்து குடியாட்சி முறைக்கு நிகழ்ந்த மாற்றமாகத் தோன்றலாம். சந்தா செலுத்த இயலாதோர், பரிந்துரைப்பார் இல்லாதோர் ஆகியோரைக் கருதும்போது அவ்வாயிலே மதிலாகவும் நிற்பது புலனாகும்.

நியூயார்க்கில் ஏமஸ் வோகலும் மார்சியா வோகலும் 1947இல் தொடங்கிய 'சினிமா 16' இச்சிக்கலை வேறு வகையில் எதிர்கொண்டது. பொதுத் திரையிடலாகத் தொடங்கிய அது மாநிலத் தணிக்கையைத் தவிர்க்கும்பொருட்டு உறுப்பினர் கழகமாக மாறியது. எனினும் சிறு குழுவாகச் சுருங்கிவிடவில்லை. அதன் உறுப்பினர் தொகை ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 7,000 வரை உயர்ந்தது. மார்த்தா கிரகாமின் நடனப் படம், குரங்கினத்திலிருந்து மனிதர் வரையிலான வளர்ச்சியைப் பேசும் அறிவியல் படம், சோதனைப் படம் ஆகியன அதன் முதல் நிரலில் ஒன்றாக அமைந்தன. அகநானூற்று முறையை ஒத்த இவ்வடுக்கினை 1963இல் கழகம் முடிவுறும் வரை வோகல் கைவிடவில்லை. பெருகிய செலவே அம்முடிவிற்கு முதன்மைக் காரணம்.

5. கொல்கத்தா: கிடைத்தவற்றின் தொகை

1947 அக்டோபரில் சத்யஜித் ராய், சித்தானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அங்கு முதலில் காட்டப்பட்டதும் 'பொட்டெம்கின்' படமே. இந்தியப் படங்களின் குறைகளை ஆராயும் ராயின் புகழ்பெற்ற ஆங்கிலக் கட்டுரை அடுத்த ஆண்டிலேயே வெளிவந்தது. 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வெளியாயிற்று. இடையில் செயலற்றிருந்த கழகம் 1956இல் மீண்டும் உயிர்பெற்றது. 1959இல் கல்கத்தா, தில்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்களின் கழகங்கள் இணைந்து இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பை அமைத்தன. ராய் அதன் தலைவரானார்.

இந்தியக் கழகங்களின் நிலை ஒரு வகையில் இலண்டனிலிருந்து வேறுபட்டது. அயல்நாட்டுப் படச்சுருள்களை வாடகைக்குப் பெறும் பொருள்வளம் அவற்றிற்கு இல்லை. தூதரகங்கள் வழங்கிய படங்களையும், 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகத்தின் படங்களையுமே பெரிதும் சார்ந்திருந்தன. நாட்டுவாரியான திரைப்பட வாரங்கள் இந்தியாவில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். ஐங்குறுநூற்றை ஒத்த அவ்வடுக்குமுறை இங்குத் தேர்வின் விளைவாக மட்டும் அமையவில்லை. பண்பாட்டுத் தூதின் விளைவாகவும் அமைந்தது. எந்நாடு படங்களை வழங்கியதோ அந்நாட்டின் திரைக்கலை அறிமுகமாயிற்று. வழங்காத நாடுகளின் கலை அறியப்படாமலே நின்றது.

இதனைக் குறையென்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. சங்கத் தொகைகளைத் தொகுத்தோரும் தமக்குக் கிடைத்தவற்றிலிருந்தே தொகுத்தனர். ஆயினும் ஆய்வாளர் நிரலை வாசிக்கையில் தொகுத்தோரின் விருப்பத்தையும் கிடைப்பின் எல்லையையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். விருப்பத்தால் அமைந்ததென எண்ணப்படும் வரிசை, படப்பெட்டி வந்துசேர்ந்த நாளால் அமைந்ததாகவும் இருக்கலாம்.

சட்ட நிலையிலும் வேறுபாடு உண்டு. இந்தியத் திரைப்படச் சட்டம் 1952இன் 9ஆம் பிரிவு, சட்ட விதிகளிலிருந்து ஒரு திரையிடலுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிற்கு வழங்குகிறது. தணிக்கைச் சான்றில்லாப் படங்களைக் கழகங்கள் காட்டும் உரிமை இத்தகைய விலக்கையே சார்ந்தது. உரிமை விலக்காக அமையும்போது அது வழங்குவோரின் கையில் தங்கிவிடுகிறது.

மதிலைக் கடக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் 1965இல் தொடங்கிய சித்திரலேகா கழகத்தின் வழிப் பரவிய ரசனை, அடுத்த தலைமுறையில் வேறு வடிவம் கொண்டது. 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) என்னும் தமிழ்ப் படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம், ஒடேசா கூட்டமைப்பின் வழியாகப் பொதுமக்களிடம் சிறுதொகைகளைத் திரட்டி 'அம்ம அறியான்' (1986) படத்தை உருவாக்கினார். அப்படம் வணிக அரங்குகளை நாடாமல் ஊர்ஊராகக் காட்டப்பெற்றது. அவையினரே தொகுப்பித்தோரும் ஆக்குவித்தோரும் ஆகிய நிலை இது. 'பொட்டெம்கின்' படத்தின் படிக்கட்டுக் காட்சியால் உலகறிந்த ஒடேசா நகரின் பெயரை அக்கூட்டமைப்பு சூடியது, கழகத் திரையிடல்கள் எத்துணை ஆழமாக வேரூன்றின என்பதற்குச் சான்றாகும்.

6. நிரலைச் சான்றாகக் கொள்ளல்

தொகைநூலுக்கும் பருவ நிரலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். தொகைநூல் ஏட்டில் நிலைபெற்றது. திரையிடல் அன்று மாலையே முடிந்துவிடுவது. எஞ்சுவது நிரல் தாள் மட்டுமே. இலண்டன் கழகத்தின் நிரல் தாள்கள் 1972இல் நூல்வடிவில் மறுபதிப்புப் பெற்றமையால் அன்றைய அடுக்குமுறையை இன்று ஆராய முடிகிறது. தாளைக் காத்தோர் இல்லையெனில் மேற்கண்ட வாசிப்பு எதுவும் இயலாது.

ஒரு நிரல் தாளிலிருந்து நாள், அரங்கு, படங்களின் வரிசை, படச்சுருள் வந்த வழி, உடன்வழங்கிய குறிப்புரை, உறுப்பினர் கட்டணம் ஆகிய ஆறு செய்திகளைத் திரட்டலாம். முதல் மூன்றும் அடுக்குமுறையைக் காட்டும். நான்காவது கிடைப்பின் எல்லையைக் காட்டும். ஐந்தாவது தொகுத்தோரின் வாசிப்பைக் காட்டும். ஆறாவது மதிலின் உயரத்தைக் காட்டும்.

7. முடிவுரை

திரைப்படக் கழகத்தின் பருவ நிரல் வெறும் அறிவிப்பன்று. அது தொகுத்தலின் விளைவாகிய ஒரு பனுவல். அதன் பொருள் படங்களில் மட்டுமன்றி அவற்றின் அடுக்கிலும் உறைகிறது. அவ்வடுக்கினை உருவாக்குவன தொகுத்தோரின் நோக்கம், படங்களின் கிடைப்பு, சட்டத்தின் இசைவு என்னும் மூன்று. உறுப்பினர் முறை தணிக்கையிலிருந்து காத்ததோடு, அக்காப்பினைச் சிலருக்கு மட்டும் உரியதாக்கியும் வைத்தது.

இன்று ஏறத்தாழ எப்படத்தையும் வீட்டிலிருந்தே காண இயல்கிறது. படத்தை அடைதல் எளிதாகிவிட்ட இக்காலத்தில், பலர் ஓரிடத்திற் கூடி ஒருவர் எண்ணி அமைத்த வரிசையில் படங்களைக் காணும் செயலே கழகத்தின் தனித்தன்மையாக எஞ்சுகிறது. தமிழகக் கழகங்களின் நிரல் தாள்களும் சிற்றிதழ்க் குறிப்புகளும் தனியார் இல்லங்களில் சிதையுமுன் திரட்டப்பெறல் வேண்டும். ஏடு தேடிய மரபினை உடைய தமிழாய்விற்கு அது தொடர்பற்ற பணியன்று.