பழைய போத்தலுக்குள் ஒரு கடிகாரம்

மாணவர்களே, 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு போத்தல் விஸ்கி 137,500 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதன் முன்புறத் தாளில் 'ஓல்ட் இங்கிள்டியூ விஸ்கி' என்ற பெயரும், ஜார்ஜியா மாநிலத்தின் லகிரேஞ்ச் நகரில் கடை வைத்திருந்த எவன்ஸ், ராக்லண்ட் என்ற மளிகை வணிகர்களின் பெயரும் அச்சாகியிருந்தன. பின்புறம் ஒட்டியிருந்த குறிப்பு வேறொன்றைச் சொன்னது. அந்த விஸ்கி 1865ஆம் ஆண்டுக்கு முன் தயாரானதாக இருக்கலாமாம். 1913இல் காலமான பெரும் வங்கியாளர் ஜான் பியர்பான்ட் மார்கனின் நிலவறையில் இருந்ததாம்.

இருக்கலாம்! அந்த ஒரு சொல்லை நம்பி யார் இவ்வளவு பணம் கொடுப்பார்கள்? காகிதத்தில் யாரும் எதையும் எழுதி ஒட்டலாமே.

பழைய அமெரிக்க விஸ்கியைச் சேகரிப்பவர்கள் முதலில் போத்தலின் வெளிப்புறத்தைத்தான் ஆராய்வார்கள். 'இந்தப் போத்தலை மீண்டும் பயன்படுத்துவதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது' என்ற பொருள்பட ஒரு வாசகம் கண்ணாடியிலேயே புடைத்திருந்தால், அது 1935க்கும் 1964க்கும் இடைப்பட்ட போத்தல். அளவு மில்லிலிட்டரில் இருந்தால் பெரும்பாலும் 1970களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பிறகு. உடல்நல எச்சரிக்கை இருந்தால் 1989 அல்லது அதற்குப் பின். துப்பறியும் கதை போல் சுவையான வேலைதான். ஆனால் இவையெல்லாம் கண்ணாடிக்கும் காகிதத்திற்கும்தான் சாட்சி. பழைய காலிப் போத்தலில் புதிய சரக்கை ஊற்றி மூடிவிட்டால்? திரவத்தையே கேட்டாக வேண்டும்.

ஏலத்திற்கு முன்பு அதைத்தான் செய்தார்கள். தக்கையின் வழியாக ஊசியைச் செலுத்தி, சிறிதளவு திரவத்தை எடுத்து ஜார்ஜியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார்கள்.

திரவத்துக்குள் கடிகாரம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் பர்பன் வகை விஸ்கியில் குறைந்தது 51 விழுக்காடு தானியம் சோளமாக இருக்க வேண்டும். சோளப்பயிர் ஒளிச்சேர்க்கையின்போது காற்றிலுள்ள கரிவளியை எடுத்து மாவுச்சத்து ஆக்குகிறது. மாவுச்சத்து சர்க்கரையாக, சர்க்கரை நொதித்து எத்தனாலாக மாறுகிறது. எத்தனை மாற்றம் நடந்தாலும் கார்பன் அணுக்கள் அதே அணுக்கள்தான். அவற்றில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடியில் ஒன்று கார்பன்-14. பயிர் வளரும்வரை காற்றிலிருந்து புதிய கார்பன்-14 வந்துகொண்டே இருக்கும். அறுவடையோடு வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். இருப்பதில் பாதி அழிய 5,730 ஆண்டுகள் ஆகின்றன. இதுதான் நீங்கள் பாடநூலில் படித்த அரை ஆயுட்காலம்.

இப்போது கணிப்பொறியை எடுங்கள். 1860இல் அறுத்த சோளம் என்றால், 2021க்குள் அதன் கார்பன்-14இல் சுமார் 1.9 விழுக்காடு அழிந்திருக்கும். 1800இல் அறுத்தது என்றால் சுமார் 2.6 விழுக்காடு. அறுபது ஆண்டு வித்தியாசம், ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான இடைவெளியில் அடங்கிவிடுகிறது! ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான எலும்புக்கும் மரத்துக்கும் ஏற்ற கடிகாரத்தை வைத்து இருநூறு ஆண்டுகளை அளப்பது, சுவர்க்கடிகாரத்தை வைத்து நூறு மீட்டர் ஓட்டத்தை அளப்பது போன்றது. அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் முடுக்கிக் கருவிகள் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

சோதனையில் கிடைத்த முடிவு: 1763க்கும் 1803க்கும் இடையே தயாராகியிருக்க 81.1 விழுக்காடு வாய்ப்பு.

ஏன் ஒரே ஆண்டைச் சொல்லவில்லை? கருவியின் நுட்பத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பது ஒரு காரணம். இன்னொன்று சூரியன். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் மோதும்போதுதான் கார்பன்-14 உருவாகிறது. சூரியனின் செயல்பாடு கூடினால் அந்தக் கதிர்கள் விலக்கப்படும். குறைந்தால் அதிகம் வந்து சேரும். ஆகவே கடந்த சில நூற்றாண்டுகளில் காற்றிலிருந்த கார்பன்-14 ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. மர வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து இதைக் கண்டுபிடித்தார்கள். இதனால் ஒரே அளவு பல காலங்களுக்குப் பொருந்தலாம். மீதி 18.9 விழுக்காடு அப்படித்தான் வேறு காலங்களுக்குப் போகிறது.

இங்கே ஒரு புதிர் உண்டு. போத்தலில் பெயர் அச்சாகியிருக்கும் லகிரேஞ்ச் நகரம் உருவானதே 1828இல்! சோளம் 1803க்குள் அறுவடையாகியிருந்தால், விஸ்கி அந்த ஊரைவிட மூத்தது. யாரோ எங்கோ வடித்துச் சேமித்த பழைய சரக்கைக் கடைக்காரர்கள் பின்னாளில் போத்தலில் அடைத்திருக்கலாம். கார்பன்-14 காட்டுவது தானியத்தின் வயதை; போத்தலின் வயதை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு செய்தி எழுதியவர்கள் பலர்.

மூன்றாவதாக ஒரு வயதும் இருக்கிறது. வடித்த புதிதில் விஸ்கி தண்ணீர் போல நிறமற்றது. உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாய்தான் அதற்கு நிறமும் மணமும் தருகிறது. மரத்திலுள்ள லிக்னின் வெப்பத்தில் சிதைந்து வனிலின் உண்டாகிறது. வெனிலா ஐஸ்கிரீமின் மணம் அதுதான். கண்ணாடிக்குள் போனபின் மரம் இல்லை, ஆகவே முதிர்ச்சியும் இல்லை. பீப்பாயில் நான்கு ஆண்டு இருந்த விஸ்கி, போத்தலில் நூறு ஆண்டு கிடந்தாலும் நான்கு ஆண்டு விஸ்கிதான். தக்கை வழியாகச் சிறிது ஆவியாகி, மட்டம் இறங்குவது மட்டும் நடக்கும்.

போலியைப் பிடிக்க இதைவிட எளிய வழியொன்றை அணுகுண்டுகள் உருவாக்கித் தந்தன. 1950களில் வல்லரசுகள் திறந்தவெளியில் நடத்திய சோதனைகளால் காற்றில் கார்பன்-14 மளமளவென்று கூடியது. 1960களின் நடுப்பகுதியில் வடகோளத்தில் ஏறத்தாழ இரு மடங்கானது. 1963 உடன்பாட்டுக்குப் பிறகு திறந்தவெளிச் சோதனைகள் பெருமளவு குறைந்தன. கடலும் தாவரங்களும் உறிஞ்ச உறிஞ்ச, அளவும் இறங்கியது. அந்தக் காலத்துச் சோளத்திலும் பார்லியிலும் அந்தத் தடம் பதிந்திருக்கிறது. அதை எந்த மோசடிக்காரராலும் அழிக்க முடியாது. ஸ்காட்லாந்தில் 2018இல் 55 அரிய விஸ்கிப் போத்தல்களைச் சோதித்தபோது, 21 போத்தல்கள் போலி அல்லது குறிப்பிட்ட ஆண்டில் வடிக்கப்படாதவை என்று தெரியவந்தது.

முயன்று பாருங்கள்: '1900' என்று எழுதிய ஒரு போத்தலிலிருந்து எடுத்த மாதிரியில், அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன் காற்றில் இருந்ததைவிட 40 விழுக்காடு அதிகமாகக் கார்பன்-14 இருக்கிறது. இது போலி என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் தானியம் அறுவடையான ஆண்டுக்கு ஒரு விடை அல்ல, இரண்டு விடைகள் கிடைக்கும். ஏன்? வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து பாருங்கள்.