அம்மாவின் கணக்கில் வராத வேலை

இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்க வீட்டுல தம்பி தங்கச்சியோட போனைக் கவனிக்கிறது யாரு?

எங்க வீடு பீடோங் பக்கம். 2021 ஜனவரியில் இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது வீட்டில் இரண்டே போன். ஒன்றை அப்பா லோரிக்கு எடுத்துட்டுப் போயிடுவார். மற்றதில் நானும் தங்கச்சியும் படிக்கணும். யாருக்கு எப்போன்னு நேரம் பிரித்தது அம்மா. டாப் அப் போட்டது, வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து வகுப்பு வாட்சாப் குழுவுக்கு அனுப்பியது, யூடியூப்பில் அடுத்து என்ன ஓடுதுன்னு எட்டிப் பார்த்தது எல்லாம் அம்மாதான். அடுப்பும் பக்கத்துலேயே எரிஞ்சிக்கிட்டு இருந்தது.

அந்தக் காலத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. பாட்டிமார்கள் விடியற்காலையில் பால் வெட்டுக்குப் போனதும் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்வார். தோட்டம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அதனால் அது வேலை. அதையே அம்மா செய்தா, "சும்மாதான் வீட்டுல இருக்காங்க" என்கிறோம்.

கசானா ஆய்வுக் கழகம் 2019-இல் வெளியிட்ட கோலாலம்பூர் ஆய்வில், சம்பளமில்லாப் பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிட்டார்கள். வித்தியாசம் 1.4 மணி. வாரத்துக்குப் பெருக்கிப் பாருங்க: 9.8 மணி. ஒரு முழு வேலை நாளுக்கும் மேல!

நெட்வொர்க் ஒழுங்கா ஓடினா அதைப் பார்த்துக்கொள்பவரை யாரும் நினைக்க மாட்டோம். நின்னு போனா உடனே தேடுவோம். அம்மாவுக்கும் அதே நிலைமைதான். பிள்ளை கெட்டுப்போனா, "போனைக் கொடுத்து விட்டுட்டா" என்ற பழி மட்டும் வந்து சேரும்.

போன விடுமுறையில் தங்கச்சி போனில் ஃபேமிலி லிங்க் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. பெருமையா இருந்தது. மறுநாள் நேரம் முடிஞ்சி போன் பூட்டிக்கிச்சு. தங்கச்சி ஒரே அழுகை. நான் என் அறையில் கேம் விளையாடிக்கிட்டு இருந்தேன். சமாதானப்படுத்தியது அம்மா. அப்போதான் புரிந்தது: நேரத்தைப் பூட்ட ஆப் போதும், அழுகையைத் தாங்க ஓர் ஆள் வேணும்.

தாயைத் தெய்வம்னு கும்பிடுறோம். அவர் பாரத்தில் பாதியைத் தூக்குவதும் சேவைதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை:
1. ஒரு நாள் முழுக்க, போன் தொடர்பாக அம்மா செய்வதை எழுதி வையுங்கள்.
2. இரவு ஒரு மணி நேரம் அந்தப் பொறுப்பை நீங்களே எடுங்கள். அழுகையையும் சேர்த்து.
3. அந்த நேரத்தில் உங்க போனையும் கீழே வையுங்கள்.

கலந்துரையாட: இதில் அப்பாவின் பங்கு என்ன? அண்ணன்மாரின் பங்கு என்ன?