பழைய வீடு வாங்கும் முன்...

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் பழைய வீடோ கடையோ வாங்குபவர் கைக்குச் சில நேரம் பிரெஞ்சுப் பத்திரமும் வந்து சேரும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி; பத்திரம் எழுதியவர் நொத்தேர் (பிரெஞ்சு முறை நோட்டரி). இந்தியப் பதிவுச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது 1968-இல்தான்.

● தாய்ப் பத்திரம்: அசலையே கேட்டுப் பார்க்கவும். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால், அசல் அடமானத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. பிரெஞ்சுப் பத்திரத்தை மொழிபெயர்க்கச் சொல்லி, செக்குபந்தியை (நான்கு எல்லைகளை) நேரில் ஒப்பிடவும்.

● வில்லங்கச் சான்று: சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவானவை மட்டுமே இதில் வரும். பதியாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வராது; வாரிசுகளைத் தனியே விசாரிக்கவும்.

● சான்றிட்ட நகல்: சொத்துக்காரர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. கட்டணம் செலுத்தினால் விற்பனைப் பத்திர நகலை யாரும் பெறலாம். பத்திர எண், ஆண்டு தெரிந்தால் தேடல் சுலபம்.

● பதிவு: கையெழுத்திட்ட 4 மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தவறினால் மேலும் 4 மாதம் கிடைக்கலாம். அபராதம் பதிவுக் கட்டணத்தில் 10 மடங்கு வரை போகும். உயிலுக்கு இந்தக் கெடு கிடையாது.