பட்டறைக்குப் பெரிய விசிறி, மெதுவான காற்று

சித்தியவான் பக்கத்துத் தாமான் வீடுகளில் பின்கட்டை நீட்டி, மேலே தகரம் போட்டு, அதையே பட்டறையாக வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு வீட்டில் தையல் இயந்திரம் இருக்கும். இன்னொன்றில் ரப்பர் மரப் பலகையும் ரம்பமும், மற்றொன்றில் பழுதுபார்க்க வந்த வானொலியும் மிக்சியும். லுமுட் கடல் பக்கத்திலேயே இருந்தும் மதியப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் அங்கே உட்கார முடியாது.

ஆனால் கூடத்துக்கு வாங்குவதுபோல் பட்டறைக்கும் விசிறி வாங்கிவிடக் கூடாது. பட்டறையில் காதுக்கும் வேலை உண்டு. ஊசி துணியில் சிக்கத் தொடங்குவது, ரம்பப் பல் மழுங்குவது, மோட்டாரில் பேரிங் தேய்வது எல்லாம் கண்ணைவிட முன்னதாகக் காதுக்கே தெரியும். விசிறி இரைந்தால் அந்த எச்சரிக்கை கேட்காது. வேகக் காற்றால் வேறு தொல்லைகளும் வரும். வெட்டி வைத்த காகித அளவுகள் பறக்கும், ஈர வார்னிஷில் தூசி படியும், ஈயம் பற்றவைக்கும் இடம் சீக்கிரம் ஆறிவிடும்.

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள். தரையிலிருந்து இறக்கைவரை குறைந்தது 2.3 மீட்டர், அதாவது ஏழரை அடி இருக்க வேண்டும். நீளப் பலகையை நிமிர்த்துகிற பட்டறையானால் எட்டடிக்கு மேல் இருப்பதே நல்லது. இறக்கைக்கும் மேற்கூரைக்கும் நடுவில் ஓரடியாவது விட வேண்டும். இடம் நெருக்கமானால் விசிறிக்குக் காற்று கிடைக்காமல் இரைச்சல்தான் மிஞ்சும். உங்கள் பின்கட்டு எட்டடி உயரம்தான் என்றால் கூரை விசிறியை மறந்துவிட்டுச் சுவர் விசிறி வாங்குங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

தகரக் கூரையானால் இன்னொன்றையும் கவனியுங்கள். வெயிலில் சுடும் தகரத்தின் அடியில் வெப்பக் காற்று தேங்கி நிற்கும். விசிறி அதையே இழுத்து உங்கள் தலைமேல் இறக்கும். அதனால் முதல் செலவு தகரத்துக்கு அடியில் வெப்பத் தடுப்புத் தாளும், உச்சியில் காற்று வெளியேற வழியும். அதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல விசிறி மாட்டினாலும் வெந்த காற்றுதான் கிடைக்கும்.

அடுத்தது விட்டம். சத்தமில்லாத விசிறியின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரே வடிவமுள்ள இரண்டு விசிறிகளில், தள்ளும் காற்றின் அளவு சுழலும் வேகத்துக்கு ஏற்பவும் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடும். 48 அங்குல விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றில் தரும் காற்றை, 60 அங்குல விசிறி 155 சுற்று அளவிலேயே தந்துவிடும். சிறியதன் இறக்கை நுனி விநாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க, பெரியதன் நுனி 12 மீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும். நுனி வேகம் குறையக் குறைய இரைச்சல் மிகச் செங்குத்தாக இறங்கும்; இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 10 டெசிபெல் குறையலாம். காதுக்கு அது பாதிச் சத்தம்.

ஆகவே இடம் கொள்ளும் மட்டும் பெரியதை வாங்கி, இரண்டாம் எண்ணில் ஓட்டுங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் 48 அங்குலமே வழக்கம். நம் மலேசியக் கடைகளில் மூன்று இறக்கை, 60 அங்குல விசிறி சாதாரணமாகவே கிடைக்கிறது. இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடி விட வேண்டும் என்பதால் அறையின் அகலம் ஒன்பது அடி இருந்தால் போதும். அதற்கும் குறைவானால் மட்டும் 48.

மோட்டாரில் இரண்டு வகை. பழைய ஏசி மோட்டார் உறுதியானது, எந்த வயர்மேனும் பழுது பார்ப்பார். ஆனால் வேகத்தைக் குறைக்கும்போது சில விசிறிகள் 'ம்ம்ம்' என்று முனகும். மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரே பெரும்பாலும் இதற்குக் காரணம். கண்டென்சர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றினால் முனகல் அடங்கும். டிசி மோட்டார் விசிறிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அடிமட்ட வேகத்திலும் அமைதியாகச் சுழலும். அதைப் பழைய சுவர் ரெகுலேட்டரோடு மட்டும் இணைத்துவிடாதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வெறும் சுவிட்ச் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் மின்பலகை கெட்டுப்போகும்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொல்வார். 70 வாட்டுக்குப் பதில் 30 வாட், தினம் எட்டு மணி நேரம் என்றால் மாதம் பத்து யூனிட்கூட மிச்சமாகாது. ஒரு சில வெள்ளிதான். டிசி விசிறியை அமைதிக்காக வாங்குங்கள், கட்டணத்துக்காக அல்ல. இடிமின்னல் அதிகமுள்ள நாடு நம்முடையது என்பதால் மின்பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வானம் கறுத்தால் சுவிட்சை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

கேடிகே, பானாசோனிக், 1961இல் செகிஞ்சானில் பிறந்த கின்ட் என்று பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. பெயரைவிட ஒட்டுவில்லையைப் பாருங்கள். சிரிம் முத்திரை பாதுகாப்புக்கானது. எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர வில்லையில் ஐந்து நட்சத்திரம் என்பது மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதைச் சொல்கிறது, அமைதியைச் சொல்லவில்லை. அமைதியை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். மற்ற விசிறிகளை நிறுத்தச் சொல்லி, முதல் எண்ணிலும் இரண்டாம் எண்ணிலும் நேர் கீழே நின்று கேளுங்கள். ஐந்தாம் எண்ணில் எது வேகம் என்பது பட்டறைக்குத் தேவையில்லாத கேள்வி. கடல் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் ஊர் இது. பிளாஸ்டிக் அல்லது அலுமினிய இறக்கையே உத்தமம்.

மாட்டும் இடம் மேசைக்கு நேர் மேலே வேண்டாம், சற்றுத் தள்ளி இருக்கட்டும். விளக்கு இறக்கைக்கு மேலே இருந்தால் நிழல் வெட்டி வெட்டி விழும். சுழலும் ரம்பத்தருகே அந்த மினுக்கல் கண்ணை ஏமாற்றும், கைக்கு ஆபத்து. ஆகவே விளக்கை விசிறியைவிடத் தாழ்வாக, சுவரோரம் வையுங்கள். மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலில் தூசியை வெளியே தள்ளும் சிறு விசிறி ஒன்றை ஓட்டுங்கள்.

கொக்கியைக் கான்கிரீட்டிலோ கனமான உத்தரத்திலோ மட்டுமே பொருத்த வேண்டும். அட்டைக் கூரை விசிறியின் எடையைத் தாங்காது. விசிறியோடு வரும் பாதுகாப்புக் கம்பியைக் கொக்கியோடு சேர்க்காமல் அதற்கென்று தனியிடத்தில் மாட்டச் சொல்லுங்கள். வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடமே கொடுங்கள். மாட்டி முடிந்ததும், ஓர் இறக்கை நுனியிலிருந்து மேற்கூரைவரை அளந்து, கையால் சுழற்றி மற்ற இறக்கைகளையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து அளக்கச் சொல்லுங்கள். அளவு மாறினால் ஆட்டம் வரும், ஆட்டத்தோடு சத்தமும் வரும்.

பட்டறைத் தூசி இறக்கையில் ஒரே சீராகப் படியாது. எடை மாறினால் அமைதியான விசிறியும் தட்டத் தொடங்கும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு, இறக்கைகளின் மேல்பக்கத்தையும் ஈரத் துணியால் துடையுங்கள். ஏசி விசிறி சில ஆண்டுகளில் மந்தமாகக் கிளம்பினால் புதிது வாங்க ஓடாதீர்கள். முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், அதற்கு ஆகும் செலவு சொற்பம்.